தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையின் கடைவாய்ப் பல்

ஓடுகிறேன். காலில் செருப்பில்லை. தரையெல்லாம் உடைந்த டைல்ஸ். நாங்களே சூளையில் சுட்டு அடுக்கிய டைல்ஸ். பாதம் கிழிகிறது. வலி தெரியவில்லை.

புதன்கிழமை. காலை. சூடான் நாட்டில் கார்ட்டூம் நகரத்துக்கு வடக்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பஹ்ரி. தொழிற்பேட்டையில் எங்கள் டைல்ஸ் கம்பெனி. நோன்பு மாதத்தின் கடைசி நாட்கள். முதலில் ஜெட் சத்தம். கஞ்சி போட்ட துணியை நீளவாக்கில் கிழிப்பது போல. பிறகு ஒரு இடைவெளி. பிறகு வெடி. சனிக்கிழமை சண்டை தொடங்கியது. நாலு நாளில் சத்தங்களை இனம் பிரிக்கக் கற்றுக்கொண்டோம். பிக்கப் வண்டியில் பூட்டிய துப்பாக்கி தறி ஓடுவது போலச் சீராகச் சுடும். டக், டக், டக். அது ஆபத்தில்லை. சீர் கெட்டால்தான் ஆபத்து.

"டேய், படுடா! கீழ படு!"

மச்சான் குரல். தண்ணீர் டிரம்மை எடுத்துவரத் தங்கும் கட்டடத்துக்குள் போயிருந்தான். கூடவே பீகார்க்காரன் ரஞ்சன். சமையல்காரன். அவர்களுக்கு வழிகாட்ட இத்ரீஸ். அந்த ஊர்க்காரர். காவலாளி. எங்களுக்கு மூன்று நாளாகக் குடிக்கத் தண்ணீர் இல்லை.

படுத்தேன். குண்டு விழுந்தது. கட்டடம் உட்கார்ந்தது. சாயவில்லை. ஆள் உட்காருவது போல அப்படியே கீழே உட்கார்ந்தது. எரிவாயு சிலிண்டர்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. இடது காதில் ஒரு விசில் கிளம்பியது. இன்றுவரை அது நிற்கவில்லை.

"மச்சான்! மச்சான்!"

கத்துகிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். யல்லா, யல்லா, கிளம்பு என்று வாய் அசைவது தெரிந்தது. லாரியில் ஏற்றினார்கள். நான் அவன் உடலைப் பார்க்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வரிதான் காரணம். நான் பார்க்கவில்லை.

இரண்டு தளபதிகள். ஒரு நாடு. இரண்டு பேருக்கும் அது போதவில்லை. அவ்வளவுதான் அந்தப் போர். இதற்கு மேல் விளக்கம் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. டிவியில் விளக்கியவர்கள் எவரும் அந்த டைல்ஸ் மீது நடந்ததில்லை.

லாரி. பிறகு பஸ். பாலைவனம். துறைமுகம். கப்பல். விமானம். வழியில் பார்த்ததை எழுத ஒரு புத்தகம் வேண்டும். இங்கே வேண்டாம். சென்னை விமான நிலையத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். மைக்கை நீட்டி ஒரு பெண் கேட்டாள், இப்போது எப்படி ஃபீல் பண்றீங்க. காஞ்சிபுரத்தில் இறங்கியதும் ஒரு பிரமுகர் சால்வை போர்த்தினார். போட்டோவுக்காக இரண்டு முறை. பாலியெஸ்டர் சால்வை. பட்டு நெய்கிற ஊரில் உயிரோடு வந்தவனுக்கு பாலியெஸ்டர்.

எங்களை அனுப்பிய ஏஜென்ட் அதற்குள் போர்டைக் கழற்றிவிட்டான். "துபாய் மாதிரி இருக்கும்பா, நைல் நதி ஓடுது" என்று சொன்னவன். அந்த வாடகைக் கடையில் இப்போது செல்போன் ரிப்பேர்.

என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெயர் குப்புராஜ். என் அத்தை பொன்னியின் மகன். அத்தை என் அப்பாவின் கூடப்பிறந்தவள். எங்கள் இரண்டு குடும்பமும் தென்னேரிப் பக்கத்திலிருந்து வந்தவை. ஊரில் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. பிறர் நிலத்தில் கூலி. காஞ்சிபுரம் வந்த பிறகு ஆளுக்கொரு வேலை. மாமா வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே நெஞ்சு வலியில் போய்விட்டார். அத்தை வள்ளியம்மா வீட்டில் பட்டு நூலைச் சோப்பில் வேகவைத்து அலசுகிற வேலை. வள்ளியம்மா நெசவுக் குடும்பம். வீட்டிலேயே தறிகள். சிவன் கோயிலுக்குத் தலைமுறையாகக் கைங்கரியம் செய்கிறவர்கள். நான் டிப்ளமா முடித்தவன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள்.

அத்தைக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றும் கைக்குழந்தையாகவே போயின. நான்காவது குப்பு. அவன் பிறந்ததும் எங்கள் பக்கத்து வழக்கப்படி அவனை விற்றுவிட்டாள். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததை, பிள்ளைகள் தங்கிய வீட்டுக்காரிக்கு விற்றுவிட வேண்டும். விலை ஒரு முறம் தவிடு. அதோடு பிள்ளை உன்னுடையது இல்லை. எமன் தேடி வந்தால் உன் வீட்டில் பிள்ளையே இல்லை. ஏமாந்து போவான். குப்பையில் கிடந்ததை எடுத்தது போலக் குப்பு என்று பேர் வைப்பார்கள். பிள்ளை உன் வீட்டில்தான் வளரும். பால் கொடுக்கலாம். சோறு போடலாம். "என் பிள்ளை" என்று மட்டும் வாயால் சொல்லக் கூடாது. கல்யாணத்தன்று ஒரு முறம் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம்.

வாங்கியவள் வள்ளியம்மா. அவள் பெற்ற நான்கும் தங்கின. அந்த வீட்டில் அத்தைக்குத் தண்ணீர் தனிச் சொம்பில்தான். பிள்ளையை வாங்க மட்டும் தடை இல்லை.

அத்தை அந்தக் கட்டுப்பாட்டை ஒரு நாளும் மீறவில்லை. மச்சான் வள்ளியம்மாவை அம்மா என்று கூப்பிட்டான். பெற்றவளைப் பொன்னிக்கா என்று கூப்பிட்டான். தெருவில் யாராவது "உன் பையன் கிரிக்கெட்ல கண்ணாடிய உடச்சிட்டான்" என்று சண்டைக்கு வந்தால், "வள்ளியம்மா பையன்பா, அங்க போய்க் கேளு" என்பாள். மச்சானுக்கு அது ரொம்ப வசதி. பள்ளியில் சேர்க்கும்போது அம்மா பேர் கேட்டார்கள். வள்ளியம்மாள் என்றாள். அது மதிப்பெண் பட்டியலுக்குப் போனது. அங்கிருந்து பாஸ்போர்ட்டுக்குப் போனது. யாரும் மறைக்கவில்லை. தெருவுக்கே தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது.

திரும்பி வந்ததும் கல்யாணம் என்று பேச்சு. தைக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். திருப்புட்குழிப் பெண். அத்தை புது முறம் ஒன்று வாங்கி, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் பரணில் வைத்திருந்தாள்.

நான் வந்து இறங்கியபோது அத்தை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ கண்ணால பாத்தியாப்பா?"

"இல்ல அத்தை."

"அப்ப சரி."

சோறு போட்டாள். அவள் அழவில்லை. பிறகு யாரோ ஒரு பஞ்சாபி பேட்டியில் சொன்னான். பஹ்ரியில் ஓர் இந்தியனை ராணுவ வண்டியில் ஏற்றிப் போனதைப் பார்த்தானாம். எந்த இந்தியன், என்ன நிறம், ஒன்றும் சொல்லவில்லை. அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு வருஷம் அந்த வண்டியில்தான் அவள் வாழ்ந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பகுதி கைமாறியது. பஹ்ரிக்குள் ஆட்கள் நுழைந்தார்கள். கம்பெனி வளாகத்தில் வேப்பமரத்தடியில் ஒரு குழி. எங்களுக்குப் பின்னால் கிளம்பியவர்கள் அவசரத்தில் தோண்டியது. உள்ளே மூன்று பேர். எல்லாம் எரிந்தது. யார் யார் என்று சொல்ல ஒன்றுமில்லை. மச்சான் இடுப்பில் வள்ளியம்மா முறுக்கிக் கட்டிவிட்ட பட்டு அரைஞாணும் மிஞ்சவில்லை. பட்டு எரிந்தால் சாம்பல். எங்கள் ஊரில் பட்டு அசலா என்று பார்க்க ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்துவார்கள். மயிர் கருகும் வாடை வர வேண்டும். கையில் தேய்த்தால் பொடியாக வேண்டும். அப்போதுதான் அசல். மனிதனையும் அப்படித்தான் சோதிக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலில் கொளுத்துகிறார்கள். பிறகு அசலா என்று கேட்கிறார்கள்.

ஒவ்வொரு மண்டையிலிருந்தும் ஒரு கடைவாய்ப் பல் எடுத்தார்கள். பல்லுக்குள் டிஎன்ஏ எரியாமல் இருக்கும். தாய் தகப்பன் ரத்தத்தோடு ஒப்பிட்டால் யார் பிள்ளை என்று தெரிந்துவிடும். பிள்ளைக்குப் பாதி தாயிடமிருந்து வருகிறது, பாதி தகப்பனிடமிருந்து. நான் படித்துத் தெரிந்துகொண்டேன். ரஞ்சனின் தகப்பன் பீகாரில் விரலை நீட்டினார். ஒரு பல் ரஞ்சனுடையது என்று முதல் சுற்றிலேயே வந்துவிட்டது.

எங்களுக்கும் அழைப்பு வந்தது. பாஸ்போர்ட்டில் இருந்த பேருக்கு. வள்ளியம்மாளுக்கு.

என் ரத்தம் உதவாது. நான் தாய்மாமன் பையன். தூரம். மாமா இல்லை. அத்தை ஒருத்திதான்.

மூவருமாகப் போனோம். சென்னையில் ஓர் அலுவலகம். ஏசி. சுவரில் சுத்தத்தைப் பற்றி ஒரு வாசகம். அதற்குக் கீழே வெற்றிலைக் கறை. அதிகாரி கழுத்தில் பட்டையோடு அடையாள அட்டை மாட்டியிருந்தார். பேசும்போதெல்லாம் அதைத் தடவிக்கொண்டார், மறந்து போய்விடும் என்பது போல.

"சார், பெத்தது இவங்க. பொன்னி. பாஸ்போர்ட்ல இருக்கறது வேற பேரு. அது ஒரு வேண்டுதல், சார்."

"தத்தெடுத்தாங்களா?"

"இல்ல சார். தவிட்டுக்கு வாங்கினாங்க."

"எதுக்கு?"

"தவிடு, சார். மாட்டுக்குப் போடுற தவிடு."

அவர் பக்கத்து மேஜைக்குத் திரும்பினார். "யோவ், இங்க வாய்யா. பழைய பேப்பருக்கு ஈயப் பாத்திரம் வாங்கறாப்புல புள்ள வாங்கியிருக்காங்க." இரண்டு பேரும் சிரித்தார்கள். பல் தெரியச் சிரித்தார்கள். கடைவாய்ப் பல் வரைக்கும் எனக்குத் தெரிந்தது.

பிறகு அத்தையைப் பார்த்தார். "ஏம்மா. நீ பெத்தியா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"இல்லீங்க. அவங்க புள்ள."

"அப்புறம் என்னப்பா? படிச்ச பையன், நீயே கொழப்புற."

அத்தையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் சொன்னது பொய் இல்லை. அவள் கணக்கில், அந்த அறையில் "என் பிள்ளை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ராணுவ வண்டியில் எங்கோ உயிரோடு போய்க்கொண்டிருக்கும் மகனை அவளே காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

நான் விடவில்லை. இவங்க ரத்தத்தையும் எடுங்க சார், ரெண்டையும் பாருங்க சார் என்றேன். ஆளுக்கொரு சேம்பிள்தான் ரூல் என்றார். ரூலைக் காட்டச் சொன்னேன். அடையாள அட்டையைத் தடவினார். நெக்ஸ்ட் என்றார்.

வள்ளியம்மா எழுந்தாள். எழுபதைத் தாண்டியவள்.  வாங்கியது வாங்கியதுதான் என்பது போலப் போய்க் கையை நீட்டினாள். சேம்பிள் அட்டையில் அவள் ரத்தம் நான்கு வட்டமாக ஊறியது.

அன்று சாயங்காலமே வள்ளியம்மாவின் பெரிய மகன் ஆறுமுகம் எங்கள் தெரு முனைக்கு வந்தார். முனைக்கு மட்டும். உள்ளே வரமாட்டார். பட்டுக்கடைகளுக்குக் கமிஷனில் சேலை பிடித்துக் கொடுப்பவர். வண்டியை அணைக்காமலே பேசினார்.

"தம்பி, எங்கம்மா ரத்தத்த எதுக்குப்பா குடுக்க வச்ச?"

"பாஸ்போர்ட்ல அவங்க பேருண்ணே."

"நாளைக்கு மேட்ச்சுன்னு வந்துட்டா? வூட்டுல அவனுக்கும் ஒரு பங்குன்னு எவனாவது கோர்ட்டுக்குப் போனா?"

"எப்டிண்ணே மேட்ச் ஆவும்? அவங்க பெக்கலையே."

"கம்ப்யூட்டர் சமாச்சாரம்பா. எத வேணா சொல்லும்."

எரிந்துபோன ஒருவன் வந்து தறிக்கூடத்தில் பாகம் கேட்பான் என்று பயந்த மனிதர். அவருக்கு டிகிரி உண்டு. ஊரில் எல்லோரும் சார் என்று கூப்பிடுகிறார்கள். நானும் கூப்பிட்டதுண்டு. இனி இல்லை.

முடிவு வந்தது. வைகாசி. கருட சேவை நாள். ஊர் முழுக்கத் தெருவில் நிற்கிறது. வாண வேடிக்கை. ஒவ்வொரு வேட்டுக்கும் நான் தரையில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தேன். போனில் தாளைத் திறந்தேன். நீளமான ஆங்கிலம். கடைசி வரிதான் முக்கியம். தாய் மகன் உறவு விலக்கப்படுகிறது. ஆகவே மீதி இரண்டு பல்லும் குப்புராஜுடையவை அல்ல. ஆகவே இருவரும் அடையாளம் தெரியாதவர்கள். மாதக் கடைசிக்குள் பொதுப் புதைகுழிக்கு மாற்றிவிடுவார்கள். அதன் பிறகு தேட முடியாது. ஆயிரம் பேரோடு ஆயிரத்து ஒன்று.

அறிவியலில் பிழை இல்லை. அது கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னது. கேள்வியை எழுதியவன்தான் முட்டாள்.

அத்தையிடம் சொன்னேன். அத்தையின் முகம் மலர்ந்தது. அதை நான் மறக்க மாட்டேன். பஹ்ரியில் பார்த்த எதையும் விட அது பயங்கரமாக இருந்தது.

"பாத்தியா? நான் சொல்லிக்கினே இருக்கேன். அது அவன் இல்ல. மெஷினே சொல்லிடுச்சி."

"அத்தை, வள்ளியம்மா ரத்தம் எப்டி ஒத்துப்போவும்? நீ குடுத்தாத்தான்..."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. போ. வடபாயசம் பண்ணப் போறேன். வாங்கிக்கினு வா, ஜவ்வரிசி."

அதிகாரிக்கு மகிழ்ச்சி. ஒரு கோப்பு மூடப்பட்டது. ஆறுமுகத்துக்கு மகிழ்ச்சி. பங்கு தப்பியது. "சயின்ஸ் சயின்ஸ்தாம்பா" என்று போன் செய்து சொன்னார். அத்தைக்கு மகிழ்ச்சி. ஒரு பொய் முடிவில் மூன்று வீட்டில் விளக்கு எரிந்தது. நான் ஒருவன் மட்டும் ஜவ்வரிசிப் பொட்டலத்தோடு தெருவில் நின்றேன். என் தலைக்கு மேலே வேட்டு வெடித்துக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடிக் குழியில் என்னோடு ஒரே தட்டில் தின்றவன் யாரோ ஒருவனாகக் கிடந்தான்.

தினமும் கேட்டேன். மாதம் கரைந்தது. அத்தை பேச்சை மாற்றினாள். ஒரு நாள் துடைப்பத்தை எடுத்தாள். "அவன சாவடிக்கணும்னே நிக்கிறியாடா? குண்டு போட்டவனே பரவால்ல."  நான் வள்ளியம்மாவிடம் போனேன். தறிக்கூடத்து வாசலில் நின்று ஒரே மூச்சில் சொன்னேன். பல், ரத்தம், பாதி பாதி, மாதக் கடைசி.  நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். "போ" என்றாள்.

மறுநாள் காலை. எங்கள் தெரு. வள்ளியம்மா நடந்து வருகிறாள். அந்தத் தெருவுக்குள் அவள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. கையில் வெறும் முறம். பழையது. சாணம் மெழுகி மெழுகிக் கறுத்துப்போனது. பின்னாலேயே ஆறுமுகம், வண்டியில், முனையில் நின்று கத்துகிறார்.

"யம்மா! ஏறுமா வண்டியில! மானம் போவுது!"

"போனா போவட்டும்டா. நீ போய் சேல வில்லு."

நேராக அத்தை வீட்டுக்குள் வந்தாள். உட்காரவில்லை. முறத்தை நீட்டினாள்.

"பொன்னி. எந் தவுட்டக் குடுடி."

அத்தைக்குப் புரியவில்லை. "எதும்மா?"

"குப்பு பொறந்தப்ப குடுத்தனே, ஒரு மொறம். அது. எனக்கு வேணும்."

"அது... கல்யாணத்துக்கு..."

"கல்யாணம் எங்கடி?"

அத்தை சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வள்ளியம்மா கையைக் காட்டினாள். ஊசி குத்திய விரல். அதில் ஒன்றும் இல்லை. எப்போதோ ஆறிவிட்டது. ஆனாலும் காட்டினாள்.

"எம் புள்ளன்னுதான்டி போய் நீட்டினேன். இந்த ரத்தம் அவன யாருன்னே தெரியாதுன்னுடுச்சி. அம்மான்னு கூப்ட்டானே, அதெல்லாம் அந்தக் கண்ராவி மெஷினுக்குக் கேக்கல. நான் கூப்ட்டா வர மாட்டேங்கிறான். நீ கூப்டுடி."

"வாங்கினா செத்துடுவான்மா."

"வாங்கலன்னா அனாதப் பொணமா ஆயிடுவான்டி. ரெண்டு அம்மாக்காரி இருந்தும்."

வீட்டில் தவிடு இல்லை. இப்போது யார் வீட்டில் தவிடு இருக்கிறது. அத்தை வெளியே போனாள். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் எருமை உண்டு. மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். நடையில் சிந்திக்கொண்டே வந்தாள். பரணில் இருந்த புது முறத்தை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வள்ளியம்மாவின் முறத்தில் கொட்டினாள். வள்ளியம்மா உள்ளங்கையால் நிரவிப் பார்த்தாள்.

"போதும். குடுத்துட்டேன். சொல்லு."

அத்தையின் வாய் திறந்தது. மூடியது. தெருவில் ஆறுமுகத்தின் ஹாரன். அது ஓய்ந்தது. மறுபடி ஹாரன்.

"வாங்கிக்கினேன்" என்றாள் அத்தை. பிறகு, "எம் புள்ள" என்றாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் அடக்கி வைத்த இரண்டு வார்த்தை. ஒரு முறை சொன்னாள். பிறகு நிறுத்த முடியவில்லை. எம் புள்ள, எம் புள்ள என்று தரையில் அறைந்தாள். புதன்கிழமைக் காலையில் விழுந்த குண்டு அன்றுதான் காஞ்சிபுரத்தில் வெடித்தது. வள்ளியம்மா முறத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சொம்பு கேட்டாள். அதே சொம்பில் தானும் குடித்து அவளுக்கும் கொடுத்தாள்.  

மறுநாள் அதே அலுவலகம். அதே வெற்றிலைக் கறை. அதே அட்டை.

"ஏம்மா, போன தடவ இல்லன்னியே?"

"அப்ப அவங்க புள்ளைங்க. இப்ப எம் புள்ள. நேத்துதான் வாங்கினேன்."

"எங்க வாங்கின? பில்லு இருக்குதா?"

பக்கத்து மேஜை சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. தவிட்டுத் தூசி படிந்திருந்த கையை மேஜை மேல் வைத்தாள். அவருடைய கோப்பின் மேலேயே வைத்தாள்.

"குத்துங்க" என்றாள்.

போன முறை இல்லாத ரூல் இந்த முறை இருந்தது. நான் ஒரு மனு எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில். மேலதிகாரி இருவருக்கு நகல் என்று அடியில் போட்டிருந்தேன். தாயின் கண்ணீருக்கு அசையாதவர் நகல் என்ற சொல்லுக்கு அசைந்தார். என் படிப்பின் பயன் அந்த ஒரு வரி. அதற்காகவாவது என்னைப் படிக்க வைத்தார்களே.

இரண்டாவது தாள் வந்தது. உறவு உறுதி செய்யப்படுகிறது. அதை அத்தைக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். மறுபடி ஒரு முறை படிக்கச் சொன்னாள். தாய் என்று வருகிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "என் பேரா போட்ருக்கான்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அரசாங்கத் தாளில் அவள் மகனுக்குப் பக்கத்தில் அவள் பேர் வந்தது அதுதான் முதல் முறை.

பெட்டி விமானத்தில் வந்தது. குழந்தையைத் தூக்குவது போல ஒரே ஆள் தூக்கலாம். நான் தூக்கினேன். பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று தெருப் பெரியவர்கள் வழி மறித்தார்கள். இரண்டு வருஷம் ஒருத்தன்கூட ஒரு கடிதம் எழுதித் தரவில்லை. அன்று சாஸ்திரம் பேச எல்லோருக்கும் நேரம் இருந்தது. இரண்டு அம்மாக்களும் அவர்களைத் தாண்டிக்கொண்டு நடந்தார்கள். பாலாற்றங்கரை. மண் போட்டார்கள். முதலில் யார் என்று கேள்வி வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போட்டார்கள்.

சால்வை போர்த்திய பிரமுகர் மாலை அனுப்பினார். பிளாஸ்டிக் பூ. அதை நான் மேலே வைக்கவில்லை.

கணக்கு எழுதுகிறேன்.

குழியில் மூன்று பேர். ரஞ்சன், தகப்பன் ரத்தத்தால் வீடு போய்ச் சேர்ந்தான். குப்புராஜ், என் மச்சான், சூளையில் வேலை, தண்ணீர் எடுக்கப் போனவன், தாய் ரத்தத்தால் வந்து சேர்ந்தான். மூன்றாவது இத்ரீஸ். அவருக்காக யாரும் யாரிடமும் ரத்தம் கேட்கவில்லை. இரண்டு பேரைக் கழித்ததில் மீதி அவர் என்று முடிவு செய்தார்கள். அவர் மனைவிக்குச் சொன்னார்களா என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

என் இடது காது போனது. திருப்புட்குழிப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். நல்லது. புது முறம் பரணிலேயே இருக்கிறது, கவர் பிரிக்காமல். திரும்பி வந்த தவிட்டை வள்ளியம்மா மாட்டுக்கும் போடவில்லை, கொட்டவும் இல்லை.

வள்ளியம்மா பெற்றது நான்கு. நான்கும் இருக்கின்றன. யாராவது கேட்டால் ஐந்து என்கிறாள். ஒண்ணு போயிடுச்சி என்கிறாள்.

அத்தை பெற்றது நான்கு. மூன்று தங்கவில்லை. நான்காவதை விற்றுக் காப்பாற்றினாள். வாங்கிய மறுநாள் கையை நீட்டிக் காட்டிக்கொடுத்தாள். நான்கும் இல்லை.

பல் திரும்பி வரவில்லை. சோதனையில் பொடியாக்கிவிட்டார்கள். அசலா என்று பார்க்க.